முட்டிக்கு மேலே

படத்தில் முட்டி அழகாக இருந்தது. பன்னிரண்டு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறேன். அதைவிடச் சுத்தமான முட்டியை நான் பார்த்ததில்லை. என் சித்தப்பா மகள் மெரிப்பாவின் இடது முட்டி. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டிலும் ‘இடது முட்டி’ என்றுதான் இருந்தது. எடுத்தேன். ‘இயல்பு’ என்று எழுதி, அவுகுசோ என்று கையெழுத்தும் போட்டேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

ஆனால் அவள் அறைக்குள் வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. இடது பாதம் நேராகப் பார்க்கவில்லை. வெளிப்பக்கம் திரும்பி, கதவு நிலையைப் பார்த்துக்கொண்டே வந்தது. பன்னிரண்டு வயது, எங்கள் வீட்டுப் பெண்களுக்கு உள்ள கனத்த உடம்பு, அகன்ற தோள். மேஜையில் படுக்கவைத்து, முட்டியை மடக்கி மேலே கொண்டுவரச் சொன்னேன். வலது கால் நேராக ஏறியது. இடது கால் ஏற ஏறத் தானாகவே வெளியே சாய்ந்தது, யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல.

“எங்க வலிக்குதும்மா?”

“முட்டியிலதான் அண்ணா. சில நாள் அதுக்குக் கொஞ்சம் மேல.” அதைச் சொல்லும்போது கூரையைப் பார்த்தாள்.

“ஈஸ்டர்லேர்ந்து இப்படித்தான்” என்றாள் சித்தி. “வளர்ற புள்ள, வளர்ற வலின்னு விட்டுட்டேன். இப்ப ஆட்டம் பழகுறப்ப நொண்டுறா. ஃபியாசிலிகிட்ட எண்ணெய் தேய்க்கக் கூட்டிட்டுப் போனேன். அவ என்னடான்னா தொட மாட்டேன், போய்ப் படம் எடுன்னு தொரத்தி விட்டுட்டா. வயசாகுதுல்ல, வேலை செய்ய உடம்பு வணங்கல.”

கடல் தாண்டிச் சூவாவில் எக்ஸ்ரே படிப்பு படித்தபோது எங்கள் வாத்தியார் கரும்பலகையில் ஒரு காளான் வரைந்தார். தொடை எலும்பு காம்பு. அதன் மேல் குடைபோல உட்கார்ந்திருப்பது இடுப்பு மூட்டின் பந்து. வளரும் வயதில் இரண்டுக்கும் நடுவே எலும்பாகாத இளங்குருத்து இருக்கும். அது இளகினால் பந்து காம்பை விட்டுச் சரியும். உலகத்திலேயே நம் தீவுப் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் என்றார். “முட்டி வலின்னு வருவாங்க. முட்டி நல்லா இருக்கும். இடுப்பைப் பாருங்கடா. சந்தேகம் வந்த நிமிஷத்துலேர்ந்து அந்தக் கால் தரையில படக் கூடாது.” பரீட்சையில் அந்தக் கேள்விக்கு எனக்கு முழு மார்க்.

பிறகு ஏன் இடுப்பை எடுக்கவில்லை என்று எங்கள் சவாயித் தீவில் பிறந்த யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள். எங்களுக்குச் சகோதரி என்றால் கண்ணின் மணி. அதனாலேயே நடுவில் ஒரு வேலி. பத்து வயதுக்கு மேல் ஒரே பாயில் உட்கார மாட்டோம். டிவியில் முத்தம் வந்தால் அண்ணனோ தங்கையோ யாராவது ஒருவர் எழுந்து வெளியே போயாக வேண்டும். தங்கை காதில் விழும்படி உடம்பைப் பற்றி ஒரு சொல் சொன்னால் வெளியூரான் சொன்னாலும் அடி விழும். அண்ணனே சொன்னால் கேட்கவே வேண்டாம். சித்தப்பா மகளும் தங்கைதான். இடுப்பைப் படம் எடுக்க வேண்டுமென்றால் இடுப்பில் சுற்றிக் கட்டிய லாவலாவாத் துணியைத் தளர்த்தச் சொல்ல வேண்டும், இடுப்பெலும்பின் முனையை விரலால் தேட வேண்டும், காலைப் பிடித்துத் திருப்பி வைக்க வேண்டும்.

இரண்டு அறை தள்ளி நர்ஸ் எலெனோவா குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். அவள் வந்து எல்லாம் சரிசெய்து வைக்க, நான் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பொத்தானை மட்டும் அழுத்தியிருக்கலாம். ஆனால் எலெனோவா “எதுக்கு?” என்று கேட்பாள். நான் பதில் சொல்ல வேண்டும், தங்கையும் சித்தியும் கேட்டுக்கொண்டிருக்க. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

“முட்டி நல்லா இருக்கு சித்தி. கொஞ்சம் நடக்காம ஓய்வா இருக்கட்டும்.”

“ஓய்வா? நல்லாச் சொன்ன போ. இன்னும் மூணு வாரத்துல மண்டபத் திறப்பு!”

ஆறு வருடமாகக் கட்டிய தேவாலய மண்டபம். திறப்பு விழாவின் நிறைவாட்டத்தை ஊர்த் தலைவரின் மகள்தான் ஆட வேண்டும். தலைவர் என் சித்தப்பா. மூத்த மகள் ஆக்லாந்தில் வேலைக்குப் போய்விட்டாள். அந்த இடம் மெரிப்பாவுக்கு வந்திருந்தது. மேஜையிலிருந்து இறங்கும்போதுகூட அவள் கைவிரல்கள் ஆட்டத்தின் அபிநயத்திலேயே இருந்தன.

“அக்கா போன்ல பார்க்கப் போறா அண்ணா. அவளோட வேலை செய்ற எல்லாரும் பார்க்கப் போறாங்களாம்.”

வலியை மறந்து சிரித்தாள். போகும்போது பாதம் மறுபடியும் கதவு நிலையைப் பார்த்தது.

*

நாலாம் நாள் சந்தையில் ஃபியாசிலி என்னைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பது வயதுக்காரி. காலையில் எண்ணெய்ப் பணியாரம் சுட்டு விற்பாள், மத்தியானத்துக்கு மேல் சுளுக்கு எடுப்பாள். இரண்டு வேலைக்கும் ஒரே கை, ஒரே எண்ணெய் என்று ஊரில் கேலி செய்வார்கள்.

“எலும்புக்குப் போட்டோ புடிக்கிறவனே, இங்க வா. அந்தப் பொண்ணுக்கு என்ன பார்த்த?”

“முட்டி நல்லா இருக்கு அக்கா.”

“முட்டிய எவன்டா கேட்டான்?” பணியாரம் வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. “அவ உக்காருறதப் பார்த்தியா? ரெண்டு முட்டியையும் இடது பக்கமாச் சாய்ச்சுத்தான் உக்காருறா. வலது பக்கம் சாய்டின்னா முடியல, மூஞ்சி வெளுத்துப்போகுது. முட்டிக்கு மேல எங்கயோ ஏதோ பிடி விட்டுப்போயிருக்கு. அதனாலதான் நான் கை வைக்கல. கை வச்சா கழண்டுரும்னு பட்டுச்சு. பெரிய மெஷின் வச்சிருக்கான், பார்த்துருவான்னு உன்கிட்ட அனுப்பினா, நீ முட்டி நல்லா இருக்குங்கிற. மூக்கு நல்லா இருக்கான்னு பார்த்தியா?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. படிக்காத ஒருத்தி கையால் தடவாமலே கண்டுபிடித்துவிட்டாள். படித்த நான் கண்டுபிடித்தும் வாயில் கொழுக்கட்டையோடு நிற்கிறேன்.

“சித்தப்பாகிட்ட இன்னிக்கே சொல்றேன்” என்றேன்.

“சொல்லு. இல்லேன்னா நான் சொல்லுவேன். நான் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க, அது வேற விஷயம்.”

சாயங்காலம் ஜெபம் முடிந்ததும் போனேன். சித்தப்பா தூணில் சாய்ந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்த இரண்டு பெரியவர்களோடு கொக்கோ குடித்துக்கொண்டிருந்தார். வெளியே புல்தரையில் தகர டப்பாவைத் தட்டித் தாளம் போட்டு மெரிப்பாவைப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்தபடியே உள்ளே போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தேன்.

“சித்தப்பா, மெரிப்பாவுக்கு இன்னொரு படம் எடுக்கணும்.”

“எடுத்தாச்சே. நல்லா இருக்குன்னு உன் கையெழுத்தே இருக்கே.”

“அது முட்டி. இது முட்டிக்கு மேல.”

கொக்கோக் கோப்பை பாதி வழியில் நின்றது. பெரியவர்கள் இருவரும் பேச்சை நிறுத்திக் கடல் பக்கம் பார்த்தார்கள்.

“முட்டிக்கு மேலன்னா?”

சொல்ல வேண்டிய சொல் ஒன்றுதான். இடுப்பு. சின்னக் குழந்தைக்கும் தெரிந்த சொல். அப்பா ஸ்தானத்தில் இருப்பவர் முன்னால், இரண்டு பெரியவர்கள் முன்னால், பத்தடி தூரத்தில் தங்கை ஆடிக்கொண்டிருக்க, அது என் வாயில் வரவில்லை.

“மேல… கொஞ்சம் மேல.”

“யார் எடுப்பா? நீயா?”

“நர்ஸ் எலெனோவா பக்கத்துல இருப்பாங்க.”

“அவுகுசோ,” சித்தப்பா சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடும்போதுதான் எனக்குப் பயம் குறையும். “புள்ள நல்லாத்தான ஆடுது? பாரு. விழா முடியட்டும். திங்கக்கிழமை எலெனோவாவே கூட்டிட்டுப் போய் எடுக்கட்டும். நீ அன்னிக்கு லீவு போட்டுக்க.”

பெரியவர்கள் தலையாட்டினார்கள். ஆட்டத்தை நிறுத்திவிட்டு மெரிப்பா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வியர்வையில் முகம் மின்னியது. “வலியே போயிருச்சு அண்ணா. நெசமா” என்றாள். பொய். உடம்பு முழுவதும் வலது காலில் நின்றுகொண்டு சொன்ன பொய்.

காலைத் தரையில் வைக்கவே கூடாது என்று அந்த இடத்தில் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. அதைவிட மோசம், எனக்கு நிம்மதியாக இருந்தது. பெரியவர் ஒருவர் முடிவு எடுத்துவிட்டார், பாரம் என் தலையிலிருந்து இறங்கியது. மறுநாள் ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமைக்கான சீட்டை நானே எழுதி வைத்தேன். அதில் மட்டும் ‘இரண்டு இடுப்பும்’ என்று தெளிவாக, கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன்.

அதற்குப் பிறகு இருந்த நாட்களில் வேறு எதையும் நான் பார்க்கவில்லை. கடைக்குப் போகிறாளா, பார்த்தேன். பஸ்ஸில் ஏறுகிறாளா, பார்த்தேன். ஈரப் பாறை வழியே குளிக்கப் போனால், திரும்பி வரும்வரை பாதையிலேயே காத்து நின்றேன். “தங்கச்சி மேல அண்ணனுக்கு என்ன பாசம்!” என்று சித்தி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

*

விழா சனிக்கிழமை. வெயில் மண்டையைப் பிளந்தது. பேச்சுகள் முடிய மத்தியானம் ஆகிவிட்டது. பன்றி வெந்த வாசனையும் தேங்காய்ப்பாலில் வெந்த கீரை வாசனையும் மண்டபத்துக்குள் வந்து எல்லோரையும் பொறுமை இழக்கச் செய்தன. கடைசியில் பாட்டு தொடங்கியது. மெரிப்பா வந்தாள்.

துணிபோல மெல்லிதாகப் பின்னிய நுண்பாய் உடுத்தி, தோளிலும் கையிலும் எண்ணெய் மினுங்க, தலையில் முழ உயரக் கிரீடத்தோடு அவளைப் பார்த்தபோது அவள் பன்னிரண்டு வயதுப் பெண் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. முதல் வரிசையில் ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். அதன் திரையில் மெரிப்பாவின் ஆக்லாந்து அக்கா அழுதுகொண்டிருந்தாள்.

எங்கள் ஆட்டத்தில் கை பேசும். கால் முட்டி லேசாக மடிந்து, தரையைத் தேய்த்தபடி சின்னச் சின்னதாக நகரும். அவள் கை எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. கால்தான் காட்டிக்கொடுத்தது. முதல் சுற்றில் இடது பாதம் நகர்ந்தது. இரண்டாம் சுற்றில் இழுத்தது. மூன்றாம் சுற்றில் அவள் முழுக்க வலது காலிலேயே திரும்பினாள். சிரிப்பு மாறவில்லை, ஆனால் கிரீடத்துக்குக் கீழே மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. சனத்தின் கண் அவள் கையில் இருந்தது. நான் ஒருவன்தான் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வரிசையில் ஃபியாசிலி. அவளும் பாதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்து ஓடினேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தலைவர் மகள் ஆடும்போது அவளைச் சுற்றி ஆண்கள் கோமாளித்தனம் செய்து, கத்திக் குதித்து, தங்களைத் தாழ்த்தி அவளை உயர்த்துவது எங்கள் வழக்கம். அண்ணன் தம்பிகளுக்கு அது கடமை. அதிலும் பெரிய மரியாதை, அவள் காலடியில் குப்புற விழுந்து முதுகைக் கொடுப்பது. அவள் அந்த முதுகில் மிதித்து நடந்தால் அந்தக் குடும்பத்துக்கே பெருமை.

நான் இரண்டு கையையும் தூக்கி “நிறுத்து! நிறுத்து!” என்று கத்திக்கொண்டு ஓடியதைப் பார்த்துச் சனம் ஆரவாரம் செய்தது. “சீஹூ!” என்று நாலு பக்கமும் குரல். “பாருடா, எலும்பு போட்டோக்காரனுக்கும் வீரம் வந்துருச்சு!” பாட்டு வேகம் பிடித்தது. “வேணாம், மெரிப்பா, ஆடாத!” என்றேன். கோமாளிகள் அப்படித்தான் கத்துவார்கள். எனக்குப் பின்னாலேயே என் பெரியப்பா மகன்கள் மூன்று பேர் பாய்ந்து வந்தார்கள். ஒருவன் என் தோளில் கை போட்டுக் கீழே தள்ளினான். அவனும் பக்கத்தில் விழுந்தான். என் முகம் பாயில் அழுந்தியது. எழுந்திருக்க முயன்றபோது இன்னொருவன் என் கழுத்தை அமுக்கிச் சிரித்தான்.

“மிதி மெரிப்பா! உன் அண்ணன்டீ! மிதி!”

அவள் என்னைக் கௌரவப்படுத்தினாள். வேறென்ன செய்வாள்? நின்றது வலது காலில். ஆகவே தூக்கியது இடது கால். அந்தப் பாதம் என் முதுகில் வந்து உட்கார்ந்தது, எண்ணெயும் சூடுமாக. பிறகு அவள் பாரம் முழுவதும் அதன் வழியாக இறங்கத் தொடங்கியது.

சத்தம் எதுவும் கேட்கவில்லை. பலபேர் பிறகு பட்டென்று கேட்டதாகச் சொன்னார்கள், பொய். எனக்குத் தெரிந்தது என் விலா எலும்பில் பரவிய ஒரு சின்ன வழுக்கல் மட்டும்தான். அடுத்த நொடி என் முதுகில் பாரமே இல்லை. கிரீடம் தரையில் மோதி உருண்டது. பாட்டு இன்னும் இரண்டு அடி ஓடிவிட்டுத்தான் நின்றது.

அவள் கத்தியதை நான் எழுத மாட்டேன்.

இடது கால் வலதைவிடக் குட்டையாகத் தெரிந்தது. பாதம் முழுவதுமாக வெளியே சாய்ந்து தரையைத் தொட்டுக் கிடந்தது. சித்தப்பா ஓடி வந்து காலைப் பிடித்து நேராக்கப் போனார். ஃபியாசிலி அவர் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். ஊர்த் தலைவரை, ஊர் முன்னால். “இழுக்காத! யாரும் இழுக்காதீங்க!” என்றாள். நான் மண்டியிட்டு, அவள் உடுத்தியிருந்த பாயோடு சேர்த்து அவள் இடுப்பை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டேன். “இடுப்பு! இடுப்புதான்! பெஞ்சு கொண்டாங்க!” என்று அலறினேன். மூன்று வாரமாக வராத சொல் இப்போது எத்தனை முறை வந்தது என்று எனக்கே தெரியாது. யாரும் முகம் சுளிக்கவில்லை. சித்தப்பாவே பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கினார்.

ஆஸ்பத்திரியில் படத்தை நானே எடுத்தேன். என் கையாலேயே எல்லாம் செய்தேன். எலெனோவா அவள் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரையில் வாத்தியாரின் காளான் வந்தது. குடை காம்பை விட்டு முழுசாக இறங்கிப் பின்பக்கம் கிடந்தது.

நாலு மணிக் கப்பலில் தலைநகர் ஆப்பியாவின் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அன்றைக்கே அறுவை. அங்கிருந்த எலும்பு டாக்டர், ஒரு பெண், பந்தை மெதுவாகக் காம்பில் உட்காரவைத்து, தேங்கிய ரத்தத்தை வெளியே எடுத்து, நீளமான திருகாணி ஒன்றை முடுக்கினார். ஒரு பக்கம் சரிந்தால் மறுபக்கமும் சரியலாம் என்று வலது இடுப்பிலும் ஒன்று. வெளியே வந்து என்னிடம் மட்டும் கேட்டார்.

“முட்டிப் படம் யார் எடுத்தது?”

“நான்தான் டாக்டர்.”

“மடக்கச் சொன்னப்ப கால் எந்தப் பக்கம் போச்சு?”

“வெளிய.”

கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார். “அன்னிக்கே கொண்டுவந்திருந்தா ஒரே ஒரு திருகாணி, ரெண்டு நாள், வீட்டுக்குப் போயிருப்பா. இப்ப பந்துக்குப் போற ரத்தக்குழாய் என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியல. ரத்தம் போகலேன்னா பந்து செத்துடும். தெரிய மாசக்கணக்காகும். மாசாமாசம் படம் எடுத்து அனுப்பு.”

*

அனுப்பினேன். மெரிப்பா ஊன்றுகோல்களோடு வருவாள், படுப்பாள், நானும் எலெனோவாவும் எடுப்போம். முதல் மாதம் நன்றாக இருந்தது. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, நன்றாக இருந்தது. சித்தி ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு பொட்டலம் கீரை கொண்டுவந்து கொடுப்பாள். தங்கைக்கு முதுகைக் கொடுத்தவன் என்று ஊரில் எனக்குப் பெயர் இருந்தது. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. சீட்டில் முட்டி என்றுதானே இருந்தது.

நேற்று ஆறாவது படம். எலெனோவா மருந்து எடுத்துவர வெளியே போயிருந்தாள். திரையில் இடது பந்தின் மேல்விளிம்பு வலதைவிட வெளுத்திருந்தது. அந்த வெளுப்புக்கு நடுவே ஒரு சின்னத் தட்டை, மேலிருந்து யாரோ கட்டைவிரலால் அமுக்கியதுபோல. நான் இரண்டு முறை பார்த்தேன். இரண்டு முறையும் அது அங்கேயே இருந்தது.

“அண்ணா, நல்லா இருக்கா?” மேஜையிலிருந்து கேட்டாள். “கிறிஸ்மஸுக்கு அக்கா வர்றா. ஆடலாமான்னு கேக்கச் சொன்னா.”

சித்தி வரட்டும், டாக்டர் சொல்லட்டும் என்றெல்லாம் எனக்கு வாயில் வந்தது. விழுங்கினேன்.

“இல்லம்மா. இடுப்பு நல்லா இல்ல. பந்து சாக ஆரம்பிச்சிருக்கு.”

அவள் கூரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

“ஆட்டத்துக்கு முன்னாடி, முட்டிய எடுத்தப்போ… அன்னிக்கும் உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

மெரிப்பா லாவலாவாவை இழுத்துப் பாதம் வரை மூடிக்கொண்டாள். எழுந்து உட்கார்ந்து ஊன்றுகோலுக்குக் கை நீட்டினாள். நான் எடுத்துக் கொடுக்கப் போனபோது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“எலெனோவாவ வரச் சொல்லு” என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை.